சபையில் சொன்ன என் பெயர்

பெப்ரவரி 11
பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் பாதி காலி. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கா காரணம் தெரியாது? பிள்ளைகளுடைய பால்மாவை மடுல்சீமை டீச்சர் நேசராணி விற்கிறாள் என்று எம்.பி. பாராளுமன்றச் சபையில் எழும்பிச் சொல்லிவிட்டார். எங்கள் லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் தருகிறேன் என்று ஏமாற்றிவிட்டார் என டிவிக்காரர்களிடம் சொன்னேனே, அதுக்கு. பாவி! ஒரு கரண்டி மாவைக்கூட நான் தொட்டதில்லை.

பெப்ரவரி 19
பதுளையில் லோயரைப் பார்த்தேன். "சபைக்குள்ள பேசுனதுக்கு கேஸ் போட முடியாதும்மா. ஒழுக்கக் குழுன்னு ஒன்னு இருக்கு, அங்கதான் முறைப்பாடு குடுக்கணும்."
குழுவில் யார்? அவர்களும் எம்.பி.மார்தானாம். விளங்கிரும்!
முறைப்பாட்டை எழுதி லோயரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3
குழு அடுத்த மாதம் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கிறது. தன் பிள்ளையை இன்னமும் என்னிடம் விடுகிற விஜயலெட்சுமி சாட்சிக்கு வருவாள். "எனக்கென்ன பயம் டீச்சர்" என்றாள். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 27
எம்.பி. திடீரென்று தகரத்தோடு லயத்துக்கு வந்து நிற்கிறார். யார் வந்தாலும் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவதில்லை இங்கே. தோட்டத் தலைவர் அதை என் கையில் திணித்தார். "நீயே போடும்மா. போடலன்னா தகரம் திரும்பிப் போயிரும்." எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போர்த்தினேன். படம் எடுத்தார்கள்.
ஐயோ, ஏன் போட்டேன்? புத்தி எங்க போச்சு எனக்கு?

மே 8
கொழும்பு. விஜயலெட்சுமி வரவில்லை, புருசன் விடவில்லையாம். குழுவில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். "நீங்களே கௌரவிச்சிருக்கீங்க. பிறகு என்ன முறைப்பாடு?"
"அது எங்க வழக்கமுங்க. கள்ளன் வந்தாலும் போடுவோம்" என்றேன். சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிறவர் அதை எப்படிச் சொன்னாரோ, எல்லோரும் சிரித்தார்கள்.

மே 30
சமாதானமாகத் தீர்ந்தது என்று முறைப்பாட்டைக் குழு முடித்துவிட்டது. யாருக்கும் யாருக்கும் சமாதானம்? இயேசப்பா, நீராவது கேட்டீரா?

ஜூன் 6
தோட்டத்துத் துரை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தாய்மார் நம்பவில்லையாம்.

ஜூன் 16
விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய், கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்தேன். கங்காணி மேல்மலைக்கு அனுப்பினார். மலை ஏறுமுன் என் மகள் அனுஷ்காவைப் பிள்ளைக்காம்பராவில் விடப் போனேன். புது டீச்சர் நல்ல பெண்தான், பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே கால் வைத்ததும் ஓடிப்போய்ப் பால்மா அலமாரியைப் பூட்டினாள். மலைக்கு நேரமாகிவிட்டதால் வந்துவிட்டேன்.