கோதுமை அரைக்காத மில்

ஜூன் 17, 1996. திங்கள்

போன வாரம் கொட்டிய மழையின் ஈரம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. காற்றே நனைந்திருக்கும்போது கோதுமைக்கு வழக்கமான தண்ணீரைத் தெளித்தால் கல்லில் களிபோல அப்பிக்கொள்ளும். அதனால் நேற்றுச் சாயங்காலம் பாதிதான் தெளித்தேன். நன்றாகக் கிளறி, சாக்குப் போட்டு மூடி வைத்தேன். காலையில் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தால், டக்கென்று தெறிக்காமல் கொஞ்சம் நெகிழ்ந்து உடைந்தது. சரி, கொட்டலாம் என்றேன். தவிடு அகல அகலமான செதிலாகத் தனியே வந்தது. மாவு சூடேறாமல் பூவாக விழுந்தது.

பத்து மணிக்கு ஆழ்வார்பேட்டை ஆபீஸ் கேன்டீன்காரர் ஜெயராம் வந்தார். இனிமேல் அவர்களுக்கு வேண்டிய சப்பாத்தி மாவு முழுக்க நம்மிடம்தான். மத்தியானம் சுட்டது சாயங்காலம் வரைக்கும் மெத்தென்று இருக்கிறதாம், அப்படி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கல்லைக் காட்டினார். அவர் கொத்திய கல்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தண்ணீர் யார் கை? கச்சேரி ரோட்டில் இருக்கும் எல்லா மில்லிலும் கல் சுற்றுகிறது. எங்கள் சர்தார் மில் மாவுக்குத்தான் மந்தைவெளியிலிருந்து ஆள் வருகிறது. வெளியே சொல்ல வேண்டாம், இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மகள் அதீபா இன்றும் ஸ்கூலுக்குப் போகவில்லை. மறுபடியும் வயிறு. ஆறு வயதுப் பெண்ணுக்கு நாலு வயதுக் கவுன் இன்னும் பத்துகிறது. உடம்பில் சத்து ஏறட்டும் என்று ராத்திரிக்கு இரண்டு ரொட்டி நெய் தடவி வைத்தேன்.

ஜூன் 21

ராத்திரி முழுக்கப் பேதி. வயிறு மட்டும் உப்பலாக, கை கால் குச்சியாக. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்தாயிற்று. இன்னும் என்னதான் பாக்கி?

ஜூலை 4. வியாழன்

ஜலஜா மாமி சொன்ன அடையாறு டாக்டரம்மாவிடம் போனோம். மாமி டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். நாங்கள் மில் வைத்த நாளிலிருந்து வாடிக்கை.

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண் இமையைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். கோதுமை ரொட்டிதான் டாக்டர், எங்க மில்லிலேயே அரைத்தது, ஒரு கலப்படம் கிடையாது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். தேவைப்பட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ஏன் அப்படிப் பார்த்தார்?

ஜூலை 19. வெள்ளி

கோதுமையாம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கோதுமையில் ஒரு பசை இருக்கிறது, அது இவள் குடலைப் புண்ணாக்குகிறது. அதனால் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. ரொட்டி, பிஸ்கட், ரவை, மைதா, சேமியா எதுவும் ஆயுசுக்கும் கூடாது. நிறுத்தினால் குடல் தானாக ஆறும். வடநாட்டுப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாராம், இங்கே அபூர்வமாம்.

எந்தப் பசை என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. மாவைப் பிசைந்து இழுத்தால் நீளுமே, அது. எந்தப் பசைக்காக ஜெயராம் ஆழ்வார்பேட்டையிலிருந்து வருகிறாரோ, அது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றுப் பாலத்தை வேடிக்கை பார்த்தது.

ஜூலை 20

நான்தான குடுத்தேன். என் கையால, நெய் தடவி. இன்னும் ஒண்ணு சாப்பிடு, இன்னும் ஒண்ணுன்னு — யா அல்லா.

ஆகஸ்ட் 12. திங்கள்

மூன்று வாரத்துக்கு மேலாகிறது. சோறு, இட்லி, கஞ்சி, அரிசி ரொட்டி, வேறு எதுவும் வாயில் படவில்லை. அரிசி மாவை நானே அரைக்கிறேன், அரிசிக் கல்லில், வேறு யாரையும் கிட்டே விடாமல். கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா சேர்ப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து ரசத்தில் அதையும் நிறுத்தினேன்.

பேதி குறைந்தது, நிற்கவில்லை. சதை பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைசர் ஜஹான், டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பார், பேசாமல் பழையபடி கொடு என்கிறாள். என் வீட்டுக்காரருக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. சொல்லவில்லை, ஆனால் இருக்கிறது.

ஆகஸ்ட் 20. செவ்வாய்

இன்று தெரிந்துவிட்டது.

டாக்டரிடம் கிளம்ப, மாடிப்படி ஆணியில் மாட்டியிருந்த புர்காவை எடுத்து வழக்கம்போல உதறினேன். உதறாமல் நான் ஒரு நாளும் வெளியே போனதில்லை. கை அதுவாகவே செய்யும். ஜலஜா மாமி அரிசி டின்னோடு படியடியில் நின்றிருந்தார். "ஏண்டீ அன்வரி, நேத்திக்குத்தானே தோய்ச்சு மாட்டினேன்னே? அதுக்குள்ள இவ்ளோ மாவா?" என்றார். சும்மாதான் கேட்டார்.

என் கை நின்றுவிட்டது. ஒரே ராத்திரியில் கறுப்புத் துணி முழுக்க வெள்ளை.

மாடிக்கு ஓடினேன். தண்ணீர்ப் பானை மூடியில் விரலை வைத்து இழுத்தேன், வெள்ளை. அலமாரியில் தட்டு, டம்ளர், வெள்ளை. குழந்தையின் தலையணையைத் தட்டினேன், ஜன்னல் வெளிச்சத்தில் புகை மாதிரி எழும்பியது. கீழே மில், மேலே வீடு. தட்டில் நிறுத்தியதை மூச்சில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அரைத்த அரிசி மாவு மட்டும் எந்தக் காற்றில் விழுந்தது? கோதுமைக் கல்லுக்கு நாலடி தள்ளித்தானே அரிசிக் கல்?

டாக்டரம்மா கேட்டுவிட்டு, மில் ஒரு இடம் குழந்தை ஒரு இடம் என்று இருந்தால் உடனே தெரியும் என்றார்.

ஆகஸ்ட் 25. ஞாயிறு

அதீபாவைத் திருவல்லிக்கேணியில் ஜமீலா ஆபா வீட்டில் விட்டு வந்தோம். என் கூடப் பிறந்த அக்காதான், குறை வைக்க மாட்டாள். அங்கிருந்தே ஸ்கூலுக்கு ரிக்‌ஷாவும் ஏற்பாடு.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. கீழே கல் சுற்றுகிறது.

செப்டம்பர் 14. சனி

திங்கட்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. மயிலாப்பூரே கொழுக்கட்டை மாவுக்கு நம் வாசலில் நின்றது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பச் சொல்லி அனுப்புவேன். கொண்டு வந்ததும் கையில் அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். பிடி நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது. ஈரம் கூடினால் கல்லில் அடைக்கும், காய்ந்துபோனால் மாவு நறநறக்கும், கொழுக்கட்டையின் மேல்சொப்பு விண்டுவிடும். இரண்டு மாமிகளைத் திருப்பி அனுப்பினேன், இன்னும் கொஞ்சம் உலரட்டும் என்று. கோபித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து வாங்கிப் போனபோது முகம் மாறியிருந்தது.

சாயங்காலம் கல்லைத் துடைக்கும்போது ஒன்று தோன்றியது. கோதுமைக்குத் தண்ணீர் கொடுக்கிறேன், அரிசியிலிருந்து தண்ணீரை எடுக்கிறேன். இரண்டுக்கும் ஒரே கைதானே?

ஆபா போன் செய்தாள். குழந்தை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம். கன்னம் வைத்திருக்கிறதாம்.

செப்டம்பர் 22. ஞாயிறு

போய்ப் பார்த்தோம். ஆபா சொன்னது பொய்யில்லை. என் பிள்ளை மொட்டை மாடியில் ஓடுகிறாள், ஓடிவிட்டு உட்காராமல் மறுபடியும் ஓடுகிறாள். இதை நான் இதுவரை பார்த்ததில்லை.

கிளம்பும் நேரம் அவர், வீட்டுக்கு வர்றியா கண்ணு என்று கையை நீட்டினார். சும்மா கொஞ்சுவதற்குத்தான். அவள் ஆபாவின் முந்தானைக்குள் போய் நின்றுகொண்டாள்.

"மில்லுக்கு வேணாம் அப்பா. அங்க வயிறு வலிக்கும்."

அவர் நீட்டிய கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

செப்டம்பர் 24. செவ்வாய்

சண்டை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கோதுமையை நிறுத்திவிடலாம் என்றேன். வேறு வீடு பார்க்கலாம் என்றார் அவர். வேறு வீடு பார்த்தாலும் தலைமுடியில், சட்டையில் மாவோடுதானே ரெண்டு பேரும் போய்ப் பிள்ளையைத் தூக்குவோம் என்றேன். அவருக்குக் குரல் ஏறியது. "சர்தார் மில்லுன்னாலே கோதுமைதான். அத்த நிறுத்திட்டு இன்னாத்த அரைக்கிறது? கல்லக் கொத்திக் கொத்தி என் கண்ணுல பொறி வுழுந்து வளர்ந்த பேரு அது."

நானும் விடவில்லை. "பேரு கல்லால வந்துச்சுன்னா அந்தக் கல்லு அரிசியும் அரைக்கும், கேழ்வரகும் அரைக்கும். என் கையால வந்துச்சுன்னா, என் கை கோதுமைக்கு மட்டும் எழுதிக் குடுத்த கையா? ரெண்டுல எதுவா இருந்தாலும் நமக்குப் பயம் எதுக்கு?"

அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். நான் பேசியது அதிகமோ? அதிகமாக இருக்கட்டும். பொய்யில்லை.

செப்டம்பர் 27

கேழ்வரகு. தண்ணீர் தெளிக்காமல் அரைத்தால் கறுப்பு மாவு, தோலெல்லாம் பொடிந்து உள்ளே போய்விடுகிறது. கோதுமைக்குச் செய்வதுபோல ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கல் வழுக்குகிறது. சின்ன மணி, அவ்வளவு தாங்காது. இன்று துளி தெளித்து, பிசறி, ஒரு டீ போட்டுக் குடிக்கும் நேரம் மட்டும் விட்டேன். தோல் செதிலாக வந்தது! சலித்தால் சாம்பல் வெள்ளையில், பவுடர் மாதிரி. கூழ் காய்ச்சி ஜலஜா மாமிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ராகின்னு சொன்னாத்தான் தெரியறது என்றார்.

என் வீட்டுக்காரரும் ஒரு டம்ளர் குடித்தார். இரண்டாவது டம்ளர் கேட்டார்.

அக்டோபர் 6. ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் அவர் கீழே கோதுமை மெஷினின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஃபிட்டர் வெள்ளைச்சாமியும் வந்திருந்தார். "இன்னா பாய், ஓடிகினு கீற மிஷினப் போயி கயட்டச் சொல்றீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஸ்பேனரை நீட்டினார்.

கல்லை இரண்டு பேரும் இறக்கி வைத்தபோது, தான் கொத்திய பள்ளங்களில் அவர் ஒரு முறை விரலை ஓட்டினார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. சைதாப்பேட்டை மில்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிப் போனார்.

அக்டோபர் 13. ஞாயிறு

வாரம் முழுக்க வேலை. பெல்ட், துணிக்குழாய் எல்லாம் புதிது. அரிசிக் கல்லையும் மேல்தோல் போகக் கொத்தினார். உத்தரத்தில் ஏறி நான் துடைத்தேன். ஒட்டடையா, மாவுப் பாளம், விரல் கனத்துக்கு. சுவரைச் சுரண்டி இரண்டு பூச்சு வெள்ளையடித்தோம். மாடியில் பாயிலிருந்து பாத்திரம் வரை மாற்றினோம்.

ஜெயராம் வந்து கேட்டுவிட்டுப் போனார். கோபமில்லை. வேறு மில் எது நல்லது என்று என்னிடமே விசாரித்தார். சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 3

சுத்தமாகத் துவைத்த புர்காவை அதே ஆணியில் இரண்டு ராத்திரி மாட்டி வைத்தேன். அதில் படிந்தது அரிசி மாவுதான். அதைப் பார்த்துச் சிரித்தேன், தனியாக.

நவம்பர் 10. தீபாவளி

அதீபா வீட்டுக்கு வந்தாள். தெரு முழுக்க வெடிச் சத்தம். அவள் காதைப் பொத்திக்கொண்டே படி ஏறினாள்.

டிசம்பர் 9

காலையிலிருந்து நாலு டின்தான். கோதுமைக்கு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். மிளகாய் மட்டும் ஓடுகிறது. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மேலே குழந்தை கயிறு தாண்டும் சத்தம், தொம் தொம் என்று. அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கிறார். அந்த நேரம் பயம் எனக்கு மறந்துபோகிறது.

ஜனவரி 14, 1997

நோன்பு. பள்ளிவாசல் கஞ்சிக்கு மாதம் முழுக்க நொய் நம் மில்தான். உடைத்ததில் தூள் விழக்கூடாது, முழு மணியும் தங்கக்கூடாது. கல்லை எவ்வளவு விலக்கி வைப்பது என்பது அவர் வித்தை. முதல் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, குழையாம பதமா கீது, யாரு உடைச்சது என்று பெரியவர் ஒருவர் கேட்டாராம். என் வீட்டுக்காரர் வந்து என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

மார்ச் 22

இடியாப்ப மாவு, புட்டு மாவு, ராகி. மூன்றுக்கும் இன்று வரிசை. கைசர் ஜஹானும் வரிசையில் நின்றாள்.

ஜூன் 11, 1997. புதன்

ஸ்கூல் திறந்தாயிற்று. அதீபாவுக்குப் புதுச் சீருடை ஒரு அளவு கூட்டி வாங்கினோம். தையல்காரர், மடித்துத் தைக்க வேண்டாம், அப்படியே சரியாக இருக்கிறது என்றுவிட்டார்.

மத்தியானம் ஆட்டோவில் ஒரு பெண் வந்தாள். பெசன்ட் நகராம், ஊர் வடக்கே எங்கேயோ. உருதுவில் பேசினேன், அவளுக்கு இந்தி, புரிந்தது. இடுப்பில் ஒரு பையன், வயிறு முன்னால், கழுத்து நூல் மாதிரி. அந்த வயிற்றை எனக்குத் தெரியும். அடையாறு டாக்டரம்மா நம் மில்லின் பெயரை எழுதிக் கொடுத்து, மெட்ராஸில் எனக்குத் தெரிந்து கோதுமை நுழையாத மில் இது ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பினாராம்.

அவள் உடனே நம்பவில்லை. சுவரைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி மெஷின் விளிம்பில் விரலை வைத்து இழுத்து, வெளிச்சத்தில் நீட்டி, மூக்கருகே கொண்டுபோனாள். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. நான் கண்ணைக் காட்டினேன், பேசாமல் இருக்கச் சொல்லி.

கரண்ட்டை அணைத்தேன். மெஷினின் மேல் மூடியைத் திறந்தேன், துணிக்குழாயை அவிழ்த்தேன், கல்லையும் தெரியும்படி விலக்கச் சொன்னேன். பையனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், காற்றுப்போல இருந்தான். அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அவசரமில்லை, நன்றாகப் பாரம்மா என்றேன்.