துருவேறாத ஊசி

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்து தூறல். குருண் ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குப் போய்க் கால் தையல் மிஷினை எடுத்து வந்தாயிற்று. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணனின் லோரி. வாழைக்குலை ஏற்றுகிற லோரி, மிஷின் முழுக்க அந்த வாசனை.

விற்றவர் பெயர் தனபால். ஐம்பது வயதிருக்கும். ‘உடனே எடுத்துக்கணும்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். மனைவி விமலாவின் மிஷினாம்.

“அவங்களுக்கு வேணாமாண்ணே?”

“அவ போயி எட்டு மாசமாச்சுமா. பண்டார் பாருல அக்கா வீட்டோட இருக்கா. இது சும்மா எடத்த அடைக்குது.”

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நனைந்துகொண்டே தூக்கிவிட்டார். உள்ளே கூப்பிடவில்லை. மிஷின் முன்பே வாசலில், பழைய சேலை சுற்றி. அந்தோணி அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, “குழாய் வெளியில இருக்கு.”

திரும்பும் வழியில் அந்தோணி அண்ணன்: “ஏம்மா ரீத்தா, இத்தன மிஷின அடுக்கி வச்சிருக்க, மாப்பிள்ள வந்தா எங்கலா உக்காருவாரு?”

“மிஷின் மேலதாண்ணே.”

கூடத்தில் இப்போது ஆறு. அம்மா தன் நாற்காலியைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார். 

அக். 5, ஞாயிறு

வெயில். பழைய மிஷினைப் பழுது பார்க்க எனக்கென்று ஒரு முறை உண்டு: தொடுமுன் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுத்தான் திருப்புளி. இன்று ஆசை தாங்கவில்லை. நேரே பிரித்துவிட்டேன்.

ஊசிக்குக் கீழே ஒரு ரவிக்கைக் கை, பாதி தைத்தபடி. மயில் நீலம். ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது. உருவி மடித்து வைத்தேன்.

- எண்ணெய்த் துளைகள்: எண்ணெய் தண்ணீர் மாதிரி. துடைத்தாயிற்று.
- ஷட்டில்: கொஞ்சம் நீலப் பஞ்சு. மண்ணெண்ணெயில் கழுவினேன்.
- ஊசி: பளபள. இருந்தாலும் மாற்றினேன். பழையது குப்பைக்கு, குப்பை லோரிக்கு.
- பெல்ட்: நல்ல இறுக்கம்.

தலையணை உறை இரண்டு தைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. கொண்டுவந்த மறுநாளே தைக்க முடிந்த மிஷின் இதுவரை எனக்கு வாய்த்ததில்லை. மாலைப் பூசையிலும் இதே நினைப்பு. பாவம்தான்.

அக். 7, செவ்வாய்

கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. எட்டு மாதம்.

எட்டு மாதம் ஓடாத மிஷினில் எண்ணெய் பழுப்புப் பசையாகியிருக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் துணிக்குள் விட்ட ஊசி ஒரே மாதத்தில் துருவேறி, துணியில் கறை பிடிக்கும். அந்த நீலத்தில் கறையே இல்லை. அவர் வாசலில் நின்று பேசிய நாளுக்குச் சில நாள் முன்புவரை யாரோ அதில் தைத்திருக்கிறார்கள். பாதியில் எழுப்பப்பட்டிருக்கிறார்கள்.

நாவலில் படித்திருந்தால், செயற்கை என்று பக்கத்தைத் தள்ளியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைக் கொட்டினேன். பட்டன், சாக்கட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிட்டா அக்கா வீட்டுக்குப் போவார்கள்? கோடு போட்ட தாளில் அளவுச் சீட்டு: ‘பரமேஸ் அக்கா, தீபாவளி ரவிக்கை 2, நீலம், சிவப்பு’. கீழே போன் நம்பர். கூப்பிட்டேன்.

“மிஷின வித்துட்டானா? என்னம்மா சொல்ற? விமலாகிட்ட துணி குடுத்தே பத்து நாளுதான் ஆவுது. நேத்து போயி கேட்டேன். காச்சலு, படுத்திருக்கான்னு வாசல்லயே நிறுத்திட்டான்.”

“என்கிட்ட பண்டார் பாரு போயிட்டாங்கன்னு சொன்னாருக்கா.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

“ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கேன். நமக்கு எதுக்கும்மா வம்பு,” என்றார். வைத்துவிட்டார்.

அக். 8, புதன்

இடி, மழை இல்லை. புழுக்கம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தனபால் போன். குரல் அதே இனிமை.

“ட்ராயர்ல சீட்டு ஏதும் இருந்துச்சாம்மா?”

“இல்லண்ணே.” பொய்.

“ஒரு நீலத் துணி?”

“கவனிக்கலண்ணே.”

“பரவால்ல. உங்க வீடு இருக்கற தாமான் எனக்குத் தெரியும், லோரிக்காரரு சொன்னாரு. நானே வந்து பாத்துக்கறேன். பகல்ல வீட்டுல யாரு இருப்பா?”

அண்ணன் இருப்பான் என்றேன். எனக்கு அண்ணன் இல்லை. கதவைத் தாழிட்டு, மிஷினை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது, அவருடைய மிஷினையே.

யோசித்துப் பார்க்கிறேன். ரவிக்கைக்காகத்தான் பெண்கள் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார்கள். மிஷின் போனால் யாரும் வரமாட்டார்கள். அவர் இடத்தை ஒழிக்கவில்லை. ஆள் வரும் வழியை அடைத்திருக்கிறார். அந்த மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்து வாழைக்குலை லோரி வரை தூக்கிச் சென்றவள் நான்.

பரமேஸ் அக்காவுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அக். 9, வியாழன்

வேலைக்கு லீவு. போலிஸ் பாலாய் வாசலில் லோரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

காலையில் புகார் கொடுத்தேன். கார்ப்பரல் பொறுமையாகக் கேட்டார். எண்ணெய், ஊசி, துணி. “காம்பார் அடா, அடிக்?” என்றார். படம் இருக்கிறதா? இல்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்தவள் நான்தான். சீட்டையும் கண்ணாடியையும் நீலத் துணியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்தரைக்குப் பரமேஸ் அக்காவே கூப்பிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லையாம்.

“அவகிட்ட துணி குடுத்தவங்க பதினொரு பேரு. வீடு வீடாப் போயி கேட்டுட்டேன். எல்லாரும் ஒண்ணாப் போயி எங்க துணியக் குடுன்னு நிக்கப்போறோம். தீவாளிக்கு ரவிக்கைத் துணி கேக்குற பொம்பளைங்கள அவன் என்னான்னு வெரட்டுவான்? போலிஸ் வர்றவரைக்கும் நகர மாட்டோம்.”

கார்ப்பரலிடம் சொன்னேன். உடனே தொப்பியை எடுத்தார். போலிஸ் கார் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தோணி அண்ணன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

தனபால் வீட்டில் நிற்கிற பரமேஸ் அக்கா போனை அணைக்காமல் கையில் வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

“என் செவப்பு எங்க?”

“இது என்னுதில்ல, ஜரிக வச்சது என்னுது.”

“உள்ள தேடிப் பாருங்கண்ணே. நாங்க வேணா வந்து தேடவா?”

தனபால் குரல்: “எல்லாம் அவ்வளவுதான். போங்க. போங்கலா!”

நாற்காலி விழும் சத்தம். செருப்புகள். யாரோ, “பின்னாடி ரூம்பு, வெளிய பூட்டியிருக்கு பாரு.”  கார் வந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை.

பிறகு பரமேஸ் அக்கா, என்னிடம் அல்ல, மிக மெதுவாக:

“விமலா, கதவுகிட்டேருந்து தள்ளிக்க.”