முப்பத்துநான்காம் கிலோமீட்டர் கயிறு

செப்டம்பர் 14

மினோரி என்னைக் கேட்காமலேயே என் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டாள். பிப்ரவரியில் எங்கள் ஊர்க் கடலோர மராத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பேருந்துக்கு ஓடினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள் நான்.

"நம்ம தெருவுல காலேஜ் முடிச்ச ஒரே ஆளு நீ. நானும் ஒண்ணையாவது முடிச்சேன்னு சொல்லிக்கணும்டி. தனியா போக பயமா இருக்கு, கூட வா."

மீன்வடைக் கடையில் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவள். அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை இன்றுதான் கேட்டேன்.

"சேர்ந்தே ஓடலாம்" என்றேன்.

சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான்காம் வகுப்பில், பள்ளி ஓட்டத்தன்று, இதையேதான் சொன்னேன். முதல் திருப்பத்திலேயே அவளை விட்டுவிட்டு ஓடினேன். வகுப்பில் எல்லாரும் அப்படிச் சொன்னவர்கள்தான், அப்படி ஓடினவர்கள்தான். ஆனாலும்.

அக்டோபர் 3

மூன்று கிலோமீட்டர். வாந்தி.

அக்டோபர் 20

துறைமுகச் சாலையில் ஏழு. மினோரியின் சட்டையில் எப்போதும் மீன் வாசனை. இரண்டு பூனைகள் பின்னாலேயே வந்தன.

"பாருடி, நமக்கு ரசிகருங்க! நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற? ஆபீஸ்ல நாற்காலிக்குத்தான் பயிற்சி குடுக்கறாங்களா?"

எனக்கு எப்போதுமே வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வரும். அவள் வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிறாள். பள்ளியிலும் அப்படித்தான் வைப்பாள்.

நவம்பர் 24

விதிகள் தபாலில் வந்தன. 34ஆம் கிலோமீட்டரில் மதியம் 1.50க்குச் சாலையின் குறுக்கே கயிறு பிடித்துவிடுவார்களாம். அதற்குள் தாண்டாதவர்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

மினோரி அதைச் சத்தமாகப் படித்தாள். "தாண்டினா ரெண்டு பேரும். இல்லன்னா ரெண்டு பேருமே பஸ்ஸு. ஜன்னல் சீட்டு எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

ஜனவரி 12

இருபத்தைந்து. இதுதான் எங்களுடைய அதிகபட்சம். அவளுக்கு வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. நின்று நின்று வந்த வீக்கம், சரியாகிவிடும் என்கிறாள்.

இரவு உணவின்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் கயிற்றுக்கு நான்கு நிமிடம் முன்னால் போய்ச் சேருவோம். முழங்கால் மோசமானால் முடியாது. நான் தனியாக ஓடினால் —

எதற்கு இந்தக் கணக்கு?

பிப்ரவரி 9, ஞாயிறு

முடித்துவிட்டேன்! ஐந்து மணி ஐம்பத்தாறு நிமிடம். ஓடி முடித்தவர்களுக்கென்று கொடுக்கும் நீலத் துண்டைத் தோளில் போர்த்தினார்கள். அப்பா ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து பூட்ஸோடு அப்படியே வந்து நின்றார். "பட்டம் வாங்குன அன்னைக்கிகூட நீ இவ்வளவு நிமிந்து நிக்கலியே" என்றார்.

மினோரிக்கு 29ஆம் கிலோமீட்டரில் முழங்கால் போய்விட்டது. அவள்தான் "நீ போ" என்றாள். கயிற்றிலிருந்து இரண்டு நிமிட வித்தியாசத்தில் தப்பித்தேன். அவள் பேருந்தில் வந்தாள்.

பிப்ரவரி 10

படி இறங்க முடியவில்லை, பின்பக்கமாக இறங்குகிறேன். அவளுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். "பரவால்ல" என்று ஒரே ஒரு சொல் வந்தது.

பிப்ரவரி 27

அம்மா இன்று மீன்வடை வாங்கப் போயிருக்கிறாள்.

"மினோரிக்கு எவ்வளவு பெரிய மனசு! 'நீயே சயோவைப் போகச் சொன்னியாமே'ன்னு கேட்டேன். 'ஆமா அத்தை, நான்தான் சொன்னேன்'னா. சட்டியவிட்டுக் கண்ண எடுக்கவே இல்ல. ரெண்டு அதிகமா வேற போட்டுக் குடுத்தா."

சாப்பிட முடியவில்லை.

ஒன்பதாம் தேதி நான் எழுதியிருப்பது பொய். அவள் போ என்று சொல்லவே இல்லை. "கொஞ்சம் நடக்கலாம்டி. கடிகாரத்தப் பாக்காத" என்றாள். நான் பார்த்தேன். "மெதுவா முன்னால போறேன், வந்து சேந்துக்கோ" என்றேன். மெதுவாகப் போகவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை "சயோ" என்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நல்லாவே கேட்டுது.

யாருமே படிக்காத நோட்டு இது. இதுல போய் ஏன் பொய் எழுதினேன்? அந்தப் பொய்யை அம்மாகிட்டயும் சொல்லி, அம்மா அத அவகிட்டயே கொண்டுபோய் — அவ அதுக்கும் தலையாட்டியிருக்கா.

பத்து வயசுல செஞ்சா விளையாட்டு. இருபத்தஞ்சுல?

மார்ச் 2

கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மன்னிப்பு வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றேன். என் முறை வந்ததும் "நாலு குடு" என்றேன். கொடுத்தாள்.

மார்ச் 3

நீலத் துண்டை அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 30

மினோரி வருகிற பிப்ரவரியிலும் ஓடப்போகிறாளாம். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு தினமும் துறைமுகச் சாலையில் பார்ப்பதாக அம்மா சொன்னாள். நான் காலையில் அந்தப் பக்கம் போவதில்லை.

ஓடுவதற்கு நான் விண்ணப்பிக்கவில்லை. தொண்டர் படிவத்தை நிரப்பினேன். விருப்பமான இடம் என்ற கட்டத்தில் 34 என்று எழுதினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பாவின் தோட்டத்து ஆரஞ்சு இரண்டு கூடை. காலையிலிருந்து உரித்து உரித்து விரல் மஞ்சளாகிவிட்டது. மணி 1.40. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.44க்கு வெளிப்பக்கம் திரும்பிய ஒரு வலது பாதம். முழங்காலில் கட்டு. பக்கத்தில் அந்தப் புதுப் பெண், இவள் நொண்டும்போது தானும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

பாதி ஆரஞ்சை நீட்டினேன். மினோரி வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். மற்ற தொண்டர்களுக்குத் தலை குனிந்த மாதிரியே எனக்கும் குனிந்து, "நன்றிங்க" என்றாள்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் 'டி' போடாமல் பேசாதவள்.

அவர்கள் கொஞ்ச தூரம் போன பிறகு எனக்குக் குரல் வந்தது. என் வாழ்க்கையில் தெருவில் நின்று நான் கத்தியதில்லை. "போடி! மினோரி, போ!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கினாள். எனக்காகவா, சாலையில் நின்ற எல்லாருக்குமாகவா, தெரியவில்லை.

1.50க்குக் கயிறு பிடித்தோம். ஒரு முனை என் கையில்.