தண்ணீரும் திருநீறும்

என் உயிரான ராமாயி அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் வீட்டை ஒட்டிய உன் காம்பிராவுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் இருமல் கேட்காமல் எனக்குத் தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாயே, "ஏன்டி மரியாயி, நான் செஞ்சது பாவமா?" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சுதந்திரம் வந்த வருஷத்து அடைமழையில் என் தலைப்பிள்ளை பிறந்தபோது நான் நினைவில்லாமல் கிடந்தேன். என் வீட்டுக்காரர் பாதரை அழைத்துவர மஸ்கெலியாவுக்குப் போயிருந்தார். பிள்ளைக்கோ மூச்சு இழுத்தது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் ஜென்மப் பாவம் தீராது, மோட்சம் கிடைக்காது என்று நாங்கள் பயப்படுவது உனக்குத் தெரியும். ஆபத்தில் யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று கோயில் உபதேசியார் எங்கள் வாசலில் சொல்லிக்கொடுத்ததையும் கேட்டிருந்தாய். தகரப் பேணியில் தண்ணீர் எடுத்து, பிள்ளை தலையில் ஊற்றி, அதற்குரிய ஜெபத்தையும் பிசகாமல் சொன்னாய். அதோடு விட்டாயா? மனசு கேட்காமல் மாரியம்மன் திருநீற்றையும் நெற்றியில் பூசிவிட்டாய்!

பிள்ளையின் மூச்சு அடங்கியபின் வந்த உபதேசியார் கண்ணில் அந்தத் திருநீறுதான் பட்டது. "பெரிய பாவம் பண்ணிட்டியேம்மா" என்று உன்னைத் திட்டி, பிள்ளையைக் கல்லறை வேலிக்கு வெளியே புதைக்க வைத்தார்.

"ரெண்டு சாமியையும் கூப்பிட்டேன்டி, யாரு வந்து காப்பாத்துனாலும் சரின்னு" என்று அழுதாய். பாவமில்லை என்று நான் எத்தனை தரம் சொன்னேன்! என் பேச்சு உன் காதில் ஏறினால்தானே?

போன வாரம், புதிதாக வந்திருக்கும் பாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நல்லது எதுன்னு தெரிஞ்சும் வேணும்னே அதுக்கு முதுகு காட்டுறதுதாம்மா பாவம். அவங்க மனசுல பிள்ளை மேல பாசம் மட்டும்தானே இருந்துச்சு? அவங்க குடுத்தது ஞானஸ்நானம்தான். திருநீறு அதை அழிச்சிடாது" என்றார். பிறகு, "வேலிக்கு வெளியில வச்சதுக்கு நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

அங்கேயே குந்தி அழுதேன் அக்கா. இதைச் சொல்ல நீ இருக்கும்போதே ஒரு ஆள் வந்திருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை வேலியைப் பிடுங்கி, பிள்ளையின் குழியையும் உள்ளே சேர்த்துத் திரும்ப நட்டார்கள். அலவாங்கால் குத்தி வேலிக்குக் குழி தோண்டியது உபதேசியாரேதான். கிழண்டு போய்விட்டார், பாவம் மனுஷர். எனக்குக் கோபம் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அப்படியே ஆற்றோரம் இறங்கி உன் குழியிலும் ஒன்று ஏற்றுவேன், என் காலில் தெம்பு உள்ளவரை. அது பாவம் என்று எவராவது வாயைத் திறக்கட்டும், அன்றைக்கு இருக்கிறது அவர்களுக்கு!

நீ மோட்சத்துக்கு அனுப்பிய பிள்ளையின் தாய்,
உன் தங்கச்சி மரியாயி