டேங்க் மூடிக்குப் பொட்டு இல்லை

முக்கிய அறிவிப்பு. நம் வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்கூட்டருக்கு இந்த ஆயுத பூஜையில் ஹேண்டில் பாரில் பொட்டு உண்டு. ஹெட்லைட்டில் உண்டு. இரண்டு சக்கரத்திலும் உண்டு. பக்கத்தில் நின்ற பாவத்துக்காக அப்பாவின் மண்வெட்டிக்கும், அதன்மேல் படுத்திருந்த பூனைக்கும் உண்டு. சீட்டுக்கு அடியில் குடியிருக்கும் பெட்ரோல் டேங்க் மூடிக்கு மட்டும் பொட்டு இல்லை. இம்முடிவு இறுதியானது. மூடி விரும்பினால் கோர்ட்டுக்குப் போகலாம்.

சந்தனக் கிண்ணமும் கையுமாக வாசலில் நின்று இதை நான் உரக்கப் படித்தேன், அக்கா. "இவனுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். உன் அம்மா போகவில்லை. பெரியம்மா கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஈரச் சந்தனத்தோடு பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வருவது நீதான்.

மூடிக்கு ஏன் பொட்டு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஊரில் உன்னை டாக்டரம்மா என்பார்கள். "டாக்டர் இல்லீங், கால்நடை ஆய்வாளருங்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவாய். "செரிங் டாக்டரம்மா" என்று ஒவ்வொரு தடவையும் ஒப்புக்கொள்வார்கள். புதன்சந்தையைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் மாடு படுத்தாலும் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆயுத பூஜை முடிந்த கையோடு அந்தச் சத்தம் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது.

விசித்திரமான வியாதி அது. முப்பதில் உருட்டினால் சேலம் வரைகூடப் போகும். ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினால் மூன்று கிலோமீட்டர்தான். முதலில் தொண்டை கட்டியது போல ஒரு கமறல், பிறகு இரண்டு விக்கல், பிறகு மௌனம். நீ இறங்கி, சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி எட்டிப் பார்ப்பாய். பெட்ரோல் தளும்பும். மூடியைப் போட்டு ஓர் உதை விட்டால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

இப்படி ஒரு வண்டி என் கையில் கிடைத்தால் விடுவேனா? "இது ஸ்கூட்டர் இல்லக்கா, நிக்கூட்டர்" என்றேன். "அது ஆக்ஸிலேட்டர் இல்ல, அக்கா லேட்டர்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே என் மண்டையில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினாய். ஆனால் உன் முகத்தில் கவலை இருந்தது எனக்குத் தெரியும். இரண்டு மெக்கானிக்குகள் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார்கள். பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் டியூபை மாற்றினார்கள். கடையில் நிற்கும்போது வண்டி அவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். "உங்க கைதானுங் சரியில்ல" என்றார் இரண்டாமவர். பெண் ஓட்டும் வண்டிக்கு அவரிடம் இருந்த கடைசி மருந்து அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகா அக்காவிடமிருந்து போன் வந்தது. சேந்தமங்கலம் ரோட்டில், தோட்டத்துக்குள் வீடு. அவள் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலைக்கு வடக்கே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளோடு அவளுக்குத் துணை என்று இருந்தது அந்த ஒரு மாடுதான். தலைச்சன் ஈத்து. விடியலிலிருந்து முக்குகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது.

"டாக்டர் சார் கொல்லிமலையில இருக்காருங்களாம், எறங்கி வர ரெண்டு மணி நேரமாகுமாம். மாடு கண்ணச் சொருகுது டாக்டரம்மா." போனில் அவள் அழுவது எனக்கே கேட்டது.

நீ பையை எடுத்தாய். என்னைப் பார்த்தாய். "வாடா."

"நான் எதுக்குக்கா? எனக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?"

"மாட்டுக்கில்ல, வண்டியத் தள்றதுக்கு."

வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். முப்பதில் உருட்டிப் போக நேரமில்லை. நீ முழுசாக முறுக்கினாய். மூன்றாவது கிலோமீட்டரில் கமறல், விக்கல், மௌனம். சீட், மூடி, உதை. மறுபடி கிளம்பினோம். சோளக்காட்டைத் தாண்டியதும் மறுபடி நின்றது. உன் போன் அடித்தது. நீ எடுத்துப் பேசவில்லை, பெயரைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாய்.

இப்போது என் வீரப் பிரதாபம் வருகிறது, கவனமாகக் கேள். சீட்டைத் தூக்கியது நீ. மூடியைக் கழற்றியது நான். ரோட்டில் அந்த நேரம் ஒரு லாரிகூட இல்லை. மூடி இளகியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"அக்கா, உன்ற வண்டி பெருமூச்சு விடுது. உன்னச் சுமந்து சுமந்து சலிச்சுப்போச்சு போல" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "என்ன சொன்ன?"

"சும்மா சொன்னங்க்கா..."

"மூச்சு விடுச்சா, இழுத்துச்சா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். அதே சத்தத்தை எத்தனை தடவை இரண்டு பேரும் கேட்டிருப்போம். நான் அதில் நக்கலைக் கேட்டேன். நீ காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டாய். மூடியைப் போட்டு மறுபடி திறக்கச் சொன்னாய். சத்தம் வரவில்லை. ஓடி நின்றால்தான் வருகிறது. இரண்டு விநாடி வானத்தைப் பார்த்தாய்.

"மூடிய முறுக்காத. சும்மா மேல வையி. ஏறு."

"பெட்ரோல் சிந்துமேக்கா?"

"சிந்துனாச் சிந்துது. ஏறுடா சாமி."

மிச்சம் இருந்த மூன்று கிலோமீட்டரும் அடித்து விரட்டியது போல ஓடியது வண்டி. ஒரு கமறல் இல்லை. சீட்டின் இடுக்கில் கசிந்த பெட்ரோல் என் பேன்ட்டை நனைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எப்பேர்ப்பட்ட சாதனை என்று உனக்குத் தெரியும்.

தோட்டத்தில் மாடு தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது. மல்லிகா அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நீ மாட்டின் பின்னால் மண்டி போட்டாய். கை உள்ளே போனதும் உன் கண்கள் மூடிக்கொண்டன. "மூக்கு இருக்குது. ஒரு காலு இருக்குது. இன்னொண்ண எங்கடா மடிச்சு வெச்சிருக்கிற, தங்கம்?" பார்க்க முடியாத இடத்தில் உன் விரல்கள் தேடின. குளம்பு தாயைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, கன்றைப் பின்னால் தள்ளி, அந்தக் காலை நிமிர்த்தினாய். நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்க உனக்குக் கை இல்லை. மல்லிகா அக்காவின் மகள் துண்டால் துடைத்தாள்.

பிறகு இரண்டு காலுக்கும் கயிறு. நானும் பிடித்தேன்.

"அது முக்கும்போதுதான் இழுக்கோணும். இல்லாட்டிச் சும்மா இரு."

"எனக்கெப்படிக்கா தெரியும் அது முக்குதுன்னு?"

"அது சொல்லும்."

சொன்னது, அக்கா. கயிற்றின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அத்தனை பெரிய உடம்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பி நெருக்கியது. இழுத்தோம், விட்டோம், இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தது கன்று. கிடாரிக் கன்று. ஈரமாக, செவலையாக, அழகாக. ஆனால் அசையவில்லை.

"ஐயோ" என்றாள் மல்லிகா அக்கா.

நீ அதன் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தாய். மூக்கைப் பிழிந்தாய். சாக்கால் நெஞ்சைத் தேய்த்தாய். அசைவில்லை. கையை நீட்டிப் போரிலிருந்து ஒரு வைக்கோலை உருவி, அதன் மூக்குத் துளைக்குள் மெல்ல விட்டுத் திருகினாய்.

ஒரு வைக்கோல். அவ்வளவுதான். கன்று தும்மியது. தலையை உதறியது. விலா மேலே ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. எங்கிருந்தோ வந்து உள்ளே நுழைந்த காற்று, ஈரத் துணி மாதிரிக் கிடந்ததை ஓர் உயிராக்கிவிட்டது. கேலி செய்யவே பிறந்த என் வாய் அப்படியே திறந்தபடி நின்றது. பார்ப்பதற்கு ரொம்ப அசடாக இருந்தேன் என்று நீ பிறகு ஊரெல்லாம் சொன்னாய்.

தாய் கன்றை நக்க ஆரம்பித்ததும் மல்லிகா அக்கா டீ போட ஓடினாள். நீ டீக்கு நிற்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, புதிதாக ஒரு வைக்கோலை உருவி எடுத்துக்கொண்டு, நேராக ஸ்கூட்டரிடம் போனாய். சீட்டுக்கு அடியிலிருந்து மூடியை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாய். அதன் நடுவில் கடுகளவு ஒரு துளை. அதற்குள் வெளிச்சம் இல்லை.

வைக்கோல் வளைந்தது. உன் கொண்டை ஊசியைப் பிடுங்கிக் குத்தினாய். மஞ்சளாக ஒரு கட்டி உடைந்து உள்ளங்கையில் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாய்.

"டேய். சந்தனம்."

பிறகு நீ சிரித்த சிரிப்புக்கு மாடே திரும்பிப் பார்த்தது. "காத்து உள்ள போவாம பெட்ரோல் எப்பிடிடா கீழ எறங்கும்? மெதுவாப் போனா அதுபாட்டுக்குக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கியிருக்குது. முறுக்குனா நெறையாக் கேக்குது, டேங்க் விடமாட்டேங்குது. மூடியத் தொறந்தா நாம மூச்சக் குடுக்குறோம், கெளம்பிருது. வெவரங்கெட்டவ, பெட்ரோல் இருக்குதான்னே பாத்துட்டு இருந்தேன். மூடிக்கும் ஒரு மூக்கு இருக்குமேன்னு அந்தக் கன்னுக்குட்டி மூக்கத் தொடைக்கையிலதான் தோணுச்சு."

அந்தத் துகளில் ஒரு சிட்டிகையை எடுத்து என் நெற்றியில் வைத்தாய். "பெருமூச்சுன்னு சொன்னது நீதான? கண்டுபுடிச்சதுல பாதி உனக்கு." அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு, "நாந்தான் பூசையன்னிக்கு எல்லா எடத்துலயும் அப்பி வெச்சிருப்பேன். சாமி கும்புட்டே வண்டியக் கொல்லப் பாத்திருக்கிறேன்" என்றாய். அதற்கு நான் பெருந்தன்மையாக ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாக்டர் வந்து சேர்ந்தபோது கன்று நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. "நான் வந்து என்னம்மா பண்ணட்டும்?" என்றார். "டீ குடிங்க சார்" என்றாய்.

கன்றுக்குக் கார்ப்பரேட்டர் என்று நான்தான் பெயர் வைத்தேன். மல்லிகா அக்கா அதைச் சுருக்கிக் கார்ப்பு ஆக்கிவிட்டாள். கார்ப்பு இப்போது ஆறு மாதச் சினை. தை பிறந்ததும் ஈன்றுவிடும் என்று உன் இடத்துக்கு வந்திருக்கும் அண்ணன் சொன்னார். போன தையில்தான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் எத்தனையோ மெஷின் இருந்தது. நான் ஒரு வைக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, விடு. உனக்கு அழுமூஞ்சி பிடிக்காது.

ஸ்கூட்டர் இப்போது என்னிடம். எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, லைசென்ஸ் வாங்கிவிட்டேன். முழு ஆக்ஸிலேட்டரில் அடைத்து நிற்கும் வண்டி எதுவானாலும் முதலில் என்னிடம் கொண்டுபோக வேண்டும் என்று சந்தையில் டீக்கடை வரைக்கும் பேச்சு. நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. வண்டியை ஓட்டி நிற்கவிட்டு, மூடியின் பக்கத்தில் காதை வைத்து, "விடுதா, இழுக்குதா?" என்று மட்டும் கேட்பேன். நான்கு வண்டி பார்த்தேன். இரண்டு வண்டிக்கு வியாதி அதுதான். மற்ற இரண்டில் பெட்ரோலே இல்லை. உன்னைப் பற்றிச் சொல்லும்போது "நானும் அக்காவும் கண்டுபிடித்தோம்" என்பேன். கூட்டம் பெரிதாக இருந்தால் "நான்" மட்டும் வரும். பாதி எனக்கு என்று நீயே கொடுத்திருக்கிறாயே.

இங்கேதான் அந்த முழுக் காரணம் வருகிறது, அக்கா.

அந்தப் பூஜையன்று நீ மூடியைத் தொடவே இல்லை. நீ குளிக்கப் போயிருந்தாய். கிண்ணம் என் கையில் இருந்தது. சீட்டைத் தூக்கினேன். வட்டமாக, மொழுக்கென்று இருந்த அந்த மூடி அப்படியே பெரியப்பா முகம். சந்தனத்தில் இரண்டு கண் வரைந்தேன், மீசை வரைந்தேன். வாய் வரைய வேண்டிய இடத்தில் கச்சிதமாக ஒரு துளை இருந்தது. அதில் ஓர் உருண்டையைத் திணித்துக் கட்டை விரலால் நன்றாக அழுத்தினேன். மறுநாள் பெட்ரோல் போடும்போது நீ அலறுவதைப் பார்க்கத்தான் கூடவே தொற்றிக்கொண்டு வந்தேன். நீ போனில் இருந்தாய். பங்க் அண்ணன் சீட்டைத் தூக்கி, வேஸ்ட் துணியால் ஒரே இழுப்பு. கண், மீசை எல்லாம் போய்விட்டது. வாய் மட்டும் அடைத்தபடியே நின்றுவிட்டது. எனக்கே அது மறந்துபோனது. மல்லிகா அக்கா வாசலில் உன் கையில் மஞ்சளாக உதிர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

கண்டுபிடித்ததில் பாதி எனக்கு என்றாய். அடைத்ததில் முழுசும் நான்தான். வழியில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும், அந்த மாடு கண்ணைச் சொருகியதும், அந்தப் போனை எடுக்க முடியாமல் நீ பையில் போட்டதும் என்னால். நெற்றியில் நீ வைத்த பொட்டு உலர்வதற்குள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாந்தான் அப்பி வெச்சிருப்பேன்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டபோது நான் சொன்ன பதில் இதுதான்:

"பரவால்லக்கா. அடுத்த வருசம் பாத்து வையி."