வளைவில் கிடந்த கொள்ளு

இன்று காலை எங்கள் வாசலைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. பின்னாலேயே கருகிய விளக்கெண்ணெய் வாடை. பந்தய வண்டிக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாயே, அதே வாடை. காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். நீயா வரப்போகிறாய்? நீ போய் மூன்று வருடம் ஆகிறது, எனக்குத்தான் இன்னும் புத்தி வரவில்லை.

வந்தவர்கள் பெங்களூர்க்காரர்கள். யுத்தத்தின்போது ஏரோப்ளேன் இறங்கப் போட்டுக் கைவிட்டார்களே, அந்தத் தளத்தைப் பெரிய பந்தயத்துக்கு ஏற்றபடி திருத்தலாமா என்று பார்க்க வந்தார்கள். உன் காலத்துப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது.

உன் ஓசூர்ப் பட்டறை வாசலில் நாம் போட்ட சண்டை கொஞ்சமா? "டேய், தாரு போட்டு, வளைவுல மேடு கட்டி, சுத்தி வேலி போட்டா சீமையிலருந்தே ஓட்ட வருவான்டா. ஓசூருன்னா அப்ப தெரியும்" என்பாய். "வருசத்துல ரெண்டு நாளு அவன் ஓட்றதுக்கு, மிச்ச நாளெல்லாம் எங்க மாடு எங்கடா சுத்தும்?" என்பேன் நான். பந்தயம் இல்லாத நாளில் அந்தத் தளம்தானே எங்கள் ஊருக்குக் களம். கேழ்வரகும் கொள்ளும் அங்கேதான் போரடித்தோம். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை ஓயவே இல்லை.

முதல் தடவை அவர்கள் பார்க்க வந்தபோது, நீயே பூட்டிய வண்டியில் நீ ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. முந்தின நாள் என் கொள்ளு அங்கே கிடந்தது. செடியை வாரி, தானியத்தைக் கூட்டி அள்ளினேன். ஆனால் கடைசியாகச் சிதறிக் கிடப்பதைக் குருவிக்கு விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அந்த இடம் வளைவு என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வளைவில் உன் சக்கரம் கொள்ளில் ஏறியது. வழுக்கிக்கொண்டு போய் விழுந்தாய். "ஏனாயித்து?" என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே பெங்களூர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். முழங்கால் பிளந்து கிடந்த நீ, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கொள்ளைச் சட்டையில் துடைத்துவிட்டு, "என் பிரேக்குதான் சார் புடிக்கல" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன்டா மறைத்தாய் என்று ஆஸ்பத்திரியில் நான் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "நெசத்தச் சொன்னா நாளைக்கே வேலி போட்டு உங்கள தொரத்திடுவான். அப்பறம் எங்கடா போரடிப்பீங்க? போடா, வேலயப் பாரு." வேலி வேண்டும் என்று வருடக்கணக்கில் என்னோடு மல்லுக்கு நின்றவன் நீ!

பெங்களூர்க்காரர்கள் செலவுக்கு யோசித்துத் திரும்பிப் போனார்கள். களம் எங்களுக்கு நிலைத்தது. உன் பட்டறை நிலைக்கவில்லை. தன் பிரேக்கையே பார்க்கத் தெரியாதவன் என்று ஊர் பேசியது. பெங்களூரிலிருந்து வண்டி வருவது நின்றது. கடைசியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாய். அதையும் பார்த்துக்கொண்டு நான் இரண்டு போகம் கொள்ளு அடித்தேன். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை எனக்கு வாய் வரவில்லை.

இன்று மத்தியானம் பஞ்சாயத்தில் என்னையும் கேட்டார்கள். எழுந்தேன். "முதல்ல எங்களுக்கு வேற களம் போட்டுக் குடுங்க. அப்பறம் வேலி போட்டுப் பந்தயம் ஓட்டுங்க. ரெண்டும் ஒரே எடத்துல ஆவாது. அன்னிக்கு அவன் பிரேக்கு நல்லாத்தான் இருந்திச்சி. வழுக்கி விட்டது என் கொள்ளு" என்றேன்.

கூட்டம் முடிந்து நேரே ஓசூருக்கு, உன் மனைவி ரோசம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், துடைப்பத்தைத் தூக்குவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்டகூட பிரேக்குன்னுதானே சொன்னாருண்ணா. அரிசி இல்லாத நாளெல்லாம் அதச் சொல்லிச் சொல்லியே ஏசினனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே அந்த மனுசன்" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால், அவள் உன்னை ஒருநாளும் ஏசியிருக்க மாட்டாள்.