முழங்காலுக்குக் கீழே

மாசி 4, செவ்வாய். ஸ்டோவ்னர்

கடும் குளிர். நடைபாதை முழுக்க வழுக்கல். பாலர் பள்ளி வேலைக்கு அரை நாள் லீவு. கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

முழங்கால் எக்ஸ்ரே படம் வந்துவிட்டது. பிள்ளைகளோடு தரையில் இருந்து எழும்புவதால் வரும் நோவு என்றுதான் நினைத்திருந்தேன். டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கீழ்க்கால் எலும்பிலும் வளைவு. அதனால் பாரமெல்லாம் முழங்காலின் உள்பக்கத்தில். அங்கே குருத்தெலும்பு தேயத் தொடங்கிவிட்டதாம். மூட்டுத் தேய்மானம். எனக்கு! முப்பத்தெட்டு வயதில்!

முதலில் பயிற்சி. சரிவராவிட்டால் எலும்பை வெட்டி நிமிர்த்தலாமாம். வெட்டி! இதென்ன தச்சு வேலையா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மாசி 5, புதன்

கண்ணாடி முன் நின்று பார்த்தேன். கணுக்கால்கள் ஒட்டுகின்றன, முழங்கால்கள் ஒட்டவில்லை. இடையில் கை நுழைகிறது. இத்தனை காலம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

அம்மாவுக்குப் போன். சொன்னதும் ஒரே அழுகை.

"என்ர பிழை பிள்ளை. நீ பிறந்த கையோட சண்டைக்குப் பயந்து ஓடத் தொடங்கிட்டம். எண்ணெய் வைச்சுக் குளிப்பாட்டி, காலை நீவிவிட எங்க நேரம்? நீவியிருந்தா நேரா வந்திருக்கும். உன்ர கால் வளைவெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அப்பவே! ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நோவு எனக்கு, தேற்ற வேண்டியது இவரையா?

மாசி 8, சனி. வெஸ்ட்லி

பனி கொட்டுகிறது. அம்மா வீடு. போனதும் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"காலை நீட்டு."

"அம்மா, இது எலும்பின்ர வடிவம். பரம்பரையாயும் வருமாம். நீவி மாறாது."

"உனக்கென்ன தெரியும்?"

"சரி, உங்களுக்குச் சின்னனில நீவினவையோ?"

"ஓம். என்ர அம்மா ஒரு நாளும் நீவாம விடேல்லை."

"அப்ப காட்டுங்கோ, பாப்பம்."

வெட்கப்பட்டார். கணுக்காலுக்கு மேல் அம்மாவின் காலை நான் கண்டதேயில்லை. எப்போதும் நீளச் சோட்டிக் கவுன், உள்ளே கம்பளிக் காற்சட்டை. கதிரையைப் பிடித்தபடி இரண்டையும் முழங்காலுக்கு மேல் மெல்ல உயர்த்தினார்.

அதே வளைவு. என்னுடையதைவிட மோசம். முழங்கால்கள் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இந்தக் கால்களோடா இவ்வளவு காலமும் மாடிப்படி ஏறினார்?

என் காற்சட்டையை உருட்டிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா குனிந்து மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என்னில பிழையில்லையோ, பிள்ளை?"